உபயம்: ஒரு சட்ட வரிக்கு உரை

மூலம்:

ஒரு நிறுவனம், தன் பொருள்களுக்கோ சேவைகளுக்கோ, சந்தைப் பயன் ஈட்டும் பொருட்டு, ஸ்பான்சர்ஷிப் முறையில் ஆதரிக்கும், செயல்கள், சேரா.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) விதிகள் 2014இல் வந்தவை. அவற்றை மத்திய அரசு 2021 ஜனவரி 22 அன்று திருத்தி அறிவித்தது. எதெல்லாம் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது என்று இரண்டாம் விதி ஆறு விலக்குகளை அடுக்குகிறது. மேலே இருப்பது அதில் ஐந்தாவது. தமிழாக்கம் என்னுடையது.

அதே 2021 ஜனவரி 22க்குத்தான் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் குறிக்கப்பட்டிருந்தது. கொரோனா காலம், கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு 2023 செப்டம்பர் 5க்குக் குறித்தார்கள். அதுவும் தள்ளிப்போனது. ஒரே தேதியில் டெல்லியில் ஒரு வரி அச்சானதும் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கூட்டம் நடக்காமல் போனதும் தற்செயல்தான். ஆனால் அந்த வரியை எடுத்துவைத்து வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டம் என் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: யார் காசில், யார் பேசுவது?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரி என்றால் பொன்னேரி அரசு கலைக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. வசதி கூடியவர்கள் ரயிலேறிச் சென்னைக்குப் போவார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அதை மறுத்து, நேரக் கணக்குக்குள் பேசி முடிக்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் விவாதப் போட்டியில்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னதை நான் முழுமனதோடு நம்புகிறேன். கடலோரத்துப் பிள்ளைக்கு வாய் இன்னும் கூடுதலாக வேண்டும்.

போட்டிக்குப் பணம் வேண்டும். மைக் செட், நடுவர்களுக்குப் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, ஷீல்டு, பரிசுத் தொகை. மாணவர் மன்றத்தார் யாரிடம் போய் நிற்பார்கள்? பக்கத்தில் இருப்பவர்களிடம்தான். பக்கத்தில் இருப்பவை எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், வல்லூரிலும் அத்திப்பட்டிலும் நிற்கும் அனல்மின் நிலையங்கள். இவற்றில் எதுவும் இப்படியொரு போட்டியை விலைக்கு வாங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கே ஒரு மாணவர் மன்றம் இப்படி ஒரு கடிதத்தோடு புறப்பட்டால், அதன் கையில் இந்த வரியின் பொருள் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த உரை.

"ஒரு நிறுவனம்": எந்த நிறுவனமும் இல்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவில் ஓர் அளவுகோல் வைத்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

கம்பெனி என்ற சொல் பழவேற்காட்டுக்குப் புதிதில்லை. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குகளைப் பொதுமக்களிடம் விற்று முதல் திரட்டிய கம்பெனி, 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடமாக இந்த ஊர் 1690 வரை இருந்தது. அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்த நாட்டுச் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651இல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் செய்யுள்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூல் வழியாகத்தான். கம்பெனிப் பணத்தில் அறிவு வளராது என்று இந்த ஊரில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது. அதே கம்பெனி இதே துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பியது. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகம். இன்றைக்கு டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சித்திர வேலைப்பாடு செய்த கல் தெரியும். கப்பலில் போனவர்களுக்கு இங்கே கல் இல்லை.

"தன் பொருள்களுக்கோ சேவைகளுக்கோ": இந்த வரியின் உயிர் இங்கே இருக்கிறது. ஓட்டையும் இங்கேதான்.

ஒரு குளிர்பான நிறுவனம் கல்லூரி விழாவுக்குப் பணம் கொடுத்து வாசலில் தன் பெயர் போட்ட குடையை விரித்தால், அது எதை விற்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த விதி அவர்களைப் பிடித்துவிடும். அந்தச் செலவைச் சமூகப் பொறுப்பில் எழுத விடாது. துறைமுகம் குப்பத்து ஆட்களிடம் எதை விற்கிறது? ஒன்றுமில்லை. அதன் வாடிக்கையாளர்கள் கப்பல் கம்பெனிகளும் சரக்கு அனுப்புகிற ஆலைகளும். கூனங்குப்பத்து மீனவரோ கருங்காலியில் கூடை சுமக்கும் பெண்ணோ ஒரு கன்டெய்னரையும் அந்தத் துறைமுகம் வழியாக அனுப்பப் போவதில்லை. எனவே துறைமுகமோ மின் நிலையமோ பழவேற்காட்டில் ஒரு விவாதப் போட்டிக்குப் பணம் கொடுத்தால், சொல்லுக்குச் சொல் படித்தால், தன் பொருளுக்கோ சேவைக்கோ அது சந்தை தேடவில்லை. விதி அதைத் தொடாது.

ஆனால் அத்தகைய நிறுவனம் இந்த ஊரிடம் வேண்டுவது வேறொன்று: இசைவு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல் அண்ட் டி கட்டியது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருப்பதை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. நம் கரையில் மணல் ஆண்டு முழுக்கத் தெற்கிலும் வடக்கிலுமாக நகர்ந்தாலும், நிகரமாகப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. இடையில் அலைதடுப்புச் சுவர் வந்தால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் ஒரு மெல்லிய மணல்திட்டு. அதன் மேல் காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் என்று ஊர்கள். அந்த ஊர்க்காரர்களின் பயம் அந்தத் திட்டைப் பற்றியது. முகத்துவாரம் அடைபட்டால் ஏரிக்கு இறாலும் மடவையும் எப்படி வந்துபோகும் என்பதைப் பற்றியது.

இந்த மாதிரித் திட்டத்துக்கு 2006 செப்டம்பர் 14இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒரு மேடை போட்டுத் தருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். 30 நாள் முன்னறிவிப்பு. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. நடவடிக்கை முழுவதும் படம் பிடிக்கப்படும். எழுந்த கேள்விகளையும் அதற்குச் சொன்ன பதில்களையும் முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். நிறுவனத்துக்கு எதிரே நின்று ஒரு மீனவப் பெண் கேள்வி கேட்டு, அது அரசுப் பதிவில் ஏறுகிற இடம் அதுதான். அந்த மைக்கின் முன்னால் ஊர் எப்படிப் பேசும் என்பது நிறுவனத்துக்கு எந்தச் சரக்கையும்விட மதிப்புள்ளது. அந்த மைக்கில் நாளைக்குப் பேசப்போகிற பிள்ளை, இன்றைக்குக் கல்லூரி மேடையில் பழகுகிறது. "பொருள்களுக்கோ சேவைகளுக்கோ" என்று எழுதியவர்கள் சோப்பையும் செல்போனையும் மனதில் வைத்து எழுதிவிட்டார்கள். நல்ல பெயரும் ஒரு சரக்கு என்பது அவர்கள் எழுத்தில் இல்லை.

"சந்தைப் பயன் ஈட்டும் பொருட்டு": இதில் "பொருட்டு" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். பயன் வந்ததா என்று விதி கேட்கவில்லை. பயனுக்காகச் செய்தாயா என்று கேட்கிறது. நோக்கத்தை யார் அளப்பது? நிறுவனமே தன் நோக்கத்தைத் தன் அறிக்கையில் எழுதிக்கொள்கிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது ஊர் அறிந்தது. குடுமியை வைத்து நோக்கத்தை நிரூபிக்கச் சட்டத்தில் வழியில்லை.

வேறொரு சட்டம் இந்த வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐந்தாம் பிரிவு. ஸ்பான்சர்ஷிப்புக்கோ அன்பளிப்புக்கோ பரிசுக்கோ கல்வி உதவித்தொகைக்கோ ஈடாகப் புகையிலைப் பொருளையோ அதன் வணிகப் பெயரையோ பரப்ப ஒப்புக்கொள்ளக் கூடாது என்கிறது. கொடுக்கிறவரின் மனதுக்குள் போய்த் தேடாமல், வாங்குகிறவரின் கைமாற்றைப் பிடிக்கிறது. பரிசும் உதவித்தொகையும் பெயர் சொல்லி அதில் வருவதைப் பாருங்கள். மாணவனின் நன்றி எந்த வழியாக வாங்கப்படும் என்று தெரிந்தவர்கள் எழுதிய வாசகம்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2000இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்திடம் 38 லட்சம் பவுண்டு வாங்கியது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை ஆராய ஒரு மையம் அமைப்பதற்கு! அங்கே மருத்துவ இதழியலில் கௌரவப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித் அடுத்த ஆண்டு பதவி விலகினார். அந்த மையத்தில் சிகரெட் விற்கவில்லை. விளம்பரத் தட்டி வைக்கவில்லை. சிகரெட் கம்பெனி வாங்கியது பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் தன் பெயர் நிற்கும் இடத்தை. நம் ஐந்தாம் விலக்கு அங்கே இருந்திருந்தாலும், "பொருளுக்கோ சேவைக்கோ" என்ற சொற்களைக் காட்டி அந்தப் பணம் உள்ளே நுழைந்திருக்கும்.

"ஸ்பான்சர்ஷிப் முறையில் ஆதரிக்கும்": ஸ்பான்சர் என்பதற்குத் தமிழில் சொல் தேடினால் மூன்று கிடைக்கின்றன. புரவலர் என்கிறோம், காப்பவர் என்று பொருள். வானொலி கொடுத்த சொல் விளம்பரதாரர். கோயில் கொடுத்த சொல் உபயதாரர். டியூப் லைட்டில் உபயம் என்று எழுதி, எழுத்தே வெளிச்சத்தை மறைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று சொல்லும் ஒரே பணத்தைக் குறிக்கலாம். எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதில் நாம் என்ன திருப்பித் தர வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. விளம்பரதாரருக்கு இடம் தந்தால் போதும், கணக்குத் தீர்ந்தது. உபயதாரருக்குப் பெயர் போட வேண்டும், மாலை போட வேண்டும். புரவலருக்கு நன்றி பாராட்ட வேண்டும். அந்தக் கடனுக்கு முடிவே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் பிள்ளைகள். மேடையில் யாரும் வாயைப் பொத்த வேண்டாம். மதியம் அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அவர்களைக் கேள்வி கேட்க அந்தப் பிள்ளைக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நல்ல குணத்திலிருந்து வருவது. அதனால்தான் எனக்கு அது அதிகம் வலிக்கிறது.

ஆகவே நான் விளம்பரதாரர் என்ற சொல்லையே தேர்வேன். அதுவே நேர்மையானது. வரிச் சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. விளம்பரத்துக்குக் கொடுத்த ஸ்பான்சர் தொகை வியாபாரச் செலவு. வருமான வரிச் சட்டம் 1961இன் 37ஆம் பிரிவு அதை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள விட்டது. சி.எஸ்.ஆர். செலவை அப்படிக் கழிக்கக் கூடாது என்று 2014இன் நிதிச் சட்டம் அதே பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட்டது. ஒரே ஐம்பதாயிரம் ரூபாய் எந்தப் பேரேட்டில் ஏறுகிறது என்று கேட்டாலே, அது என்ன பணம் என்பது பாதி தெரிந்துவிடும். காசோலை வாங்கும் முன் மாணவர் செயலாளர் கூசாமல் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சார், இது சி.எஸ்.ஆரா, விளம்பரமா?

குப்பங்களுக்குப் பணம் திரட்டும் வேறு வழியும் தெரியும். திருவிழா என்றால் தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்ப் பஞ்சாயத்து விதிக்கும். கொடுத்தவர் எல்லோரும் கணக்குக் கேட்கலாம். யாருக்கும் யாரும் கடன்பட்டவர் இல்லை. அந்தத் தலைக்கட்டில் பெண்ணுக்கு எண்ணிக்கை இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் பல பேர் சிறுசிறு தொகை போட்ட பணத்தில் ஒருவருடைய முகம் தெரியாது. விவாத மேடைக்கு அந்தக் குணம் வேண்டும். பத்து நிறுவனமும் பழைய மாணவர் சங்கமும் கல்லூரியின் ஒரே பொதுக் கணக்கில் போடட்டும். அதிலிருந்து போட்டி நடக்கட்டும்.

"செயல்கள்": சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 ஜூன் 18 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, மாரத்தான், விருது விழா, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஸ்பான்சர் போன்ற ஒருமுறை நிகழ்வுகளைச் சி.எஸ்.ஆரில் சேர்க்க முடியாது என்றது. ஆகவே ஒருநாள் போட்டிக்கு மட்டும் கொடுத்தால் கணக்கில் ஏற்றுவது கடினம். ஆனால் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வி வளர்ச்சி இருக்கிறது. பழவேற்காட்டு அரசுப் பள்ளியில் ஆண்டு முழுக்க வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சி, நூலகத்துக்குப் புத்தகம், பயிற்றுநருக்குச் சம்பளம் என்று கேட்டால் அது தாராளமாகப் பொருந்தும். மாணவர்கள் கேட்க வேண்டியதும் அதுதான். 135ஆம் பிரிவு, கம்பெனி இயங்கும் ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. அது வழிகாட்டுதலே, கட்டாயமில்லை என்று 2021 ஆகஸ்டில் அமைச்சகம் விளக்கம் சொல்லிவிட்டது. எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. புகையும் அரிப்பும் சுற்றுவட்டாரத்துக்குக் கட்டாயமாக வரும்போது, பள்ளிக்கூடம் மட்டும் ஏன் விருப்பமாக வேண்டும்?

"சேரா": ஆங்கில மூலத்தில் இந்தச் சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழ் வாக்கியத்தில் கடைசியாக வருகிறது. அது நல்லதற்குத்தான், இங்கே நின்று யோசிக்க முடிகிறது. செய்யக் கூடாது என்று விதி சொல்லவில்லை. கணக்கில் சேராது என்று மட்டும் சொல்கிறது. நிறுவனம் தன் விளம்பரப் பணத்திலிருந்து எந்தப் போட்டியையும் ஆதரிக்கலாம். எந்தத் தட்டியையும் கட்டலாம். சட்டம் அதோடு முடிந்தது. மேடையைக் காக்கும் வேலை வாங்குகிற கையிடம் வந்து சேர்கிறது: கல்லூரியிடம், மாணவர் மன்றத்திடம்.

விவாதப் போட்டிக்குள்ளேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான உலக விவாதப் போட்டி 2013 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2014 ஜனவரி வரை நம் சென்னையில், தண்டலம் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரியில் நடந்தது. அந்தப் போட்டியின் முறைப்படி தலைப்பு முன்கூட்டித் தெரியாது. சொன்ன பிறகு 15 நிமிடம் அவகாசம். எந்தப் பக்கம் பேசுவது என்பதும் பேச்சாளர் கையில் இல்லை. தலைப்பைத் தேர்வது அதற்கென்று பொறுப்பேற்ற தலைமை நடுவர்கள்.

நம் ஏரியிலும் இதே அறிவு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் இறால் பிடிக்கும் சுத்துவலைக்குப் பாடு என்று முறை உண்டு. நல்ல இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. பெரிய படகு வைத்திருப்பவர் என்பதால் நல்ல இடம் எப்போதும் அவருக்கே என்று ஆகாது. பாடு எல்லோருக்குமானது இல்லை என்பதும் உண்மை. ஒரு சமூகத்தின் ஆண்களுக்கே அந்த உரிமை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அந்தக் குறையைக் களைந்துவிட்டுச் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பொன்னேரியில் அப்படி ஒரு போட்டி நடந்து தலைப்பு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், பணம் யார் கொடுத்திருந்தாலும் நான் வைக்கும் தலைப்பு இது: காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்க வேண்டும். விளம்பரதாரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். தலைப்பும் நடுவர்களும் அவர் கைக்குப் போகக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவோம். கோரைக்குப்பத்துப் பெண்ணுக்கு "வேண்டும்" விழலாம். துறைமுக அதிகாரியின் பிள்ளைக்கு "வேண்டாம்" விழலாம். 15 நிமிடத்தில் அவள் சரக்குக் கணக்கையும் வேலை வாய்ப்பையும் படித்துக்கொண்டு வந்து பேசுவாள். அவன் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று படித்துக்கொண்டு வந்து பேசுவான். அதற்குப் பிறகு ஒருநாள் ஆட்சியர் தலைமையில் அந்தக் கருத்துக்கேட்பு நடக்கும்போது, மைக் அவள் கைக்கு வரும்.